காலிக் குடம்

கல்விக்காகவோ பணிக்காகவோ வீட்டை விட்டு வந்து, முன்பின் அறியாத ஒருவருடன் ஒரே அறையில் தங்குவது இன்று பல இளைஞர்களின் வாழ்க்கை. விளக்கை எப்போது அணைப்பது, குடிநீரை யார் பிடித்து வைப்பது, அறையை யார் பெருக்குவது என்பன போன்ற சிறு விஷயங்களே அங்கு மனக்கசப்புக்கு வித்தாகின்றன. இவற்றை அற்பமானவை என்று ஒதுக்கிவிட இயலாது. துறவியரையே இவை பிரித்ததுண்டு.

புத்தர் காலத்தில் கோசாம்பி நகர விகாரையில் விநய விதிகளில் வல்லவர் ஒருவரும், தர்மத்தை உபதேசிப்பவர் ஒருவரும் தங்கியிருந்தனர். ஒருநாள் உபதேசகர் கழிப்பிடத்துப் பாத்திரத்தில் சிறிது நீரை மீதம் வைத்துவிட்டு வந்தார். அது குற்றமா, இல்லையா என்ற பேச்சு பெரும் பூசலாக மூண்டு, மாணவர்கள் இரு அணியாயினர் என்று பௌத்த உரைநூல்கள் கூறுகின்றன. புத்தரே சமாதானம் கூறியும் அவர்கள் செவிசாய்க்கவில்லை. அவர் தனியே அங்கிருந்து புறப்பட்டார்.

செல்லும் வழியில் அவர் பாசீனவம்ச வனத்தை அடைந்தார். அங்கே அநுருத்தர், நந்தியர், கிம்பிலர் என்னும் மூவர் சேர்ந்து வாழ்ந்தனர். அவர்களது வாழ்க்கை முறையை மஜ்ஜிம நிகாயம் விவரிக்கிறது. பிச்சை ஏற்று முதலில் திரும்புபவர் இருக்கைகளை இட்டு, நீர் வைப்பார். கடைசியில் வருபவர் உண்டபின் இடத்தைத் தூய்மை செய்வார். குடம் காலியாக இருப்பதை யார் காண்கிறாரோ, அவரே நிரப்புவார். தமது விருப்பத்தை ஒதுக்கி வைத்துத் தோழர்களின் விருப்பத்திற்கு இடம் தருவதே தம் பழக்கம் என்று அநுருத்தர் விளக்கினார்.

கோசாம்பியில் கல்விக்குக் குறைவில்லை. ஆனால் அங்கு கற்ற விதி பிறரை அளக்கும் கோலாயிற்று. வனத்திலோ, குற்றம் யாருடையது என்ற கேள்வி எழுமுன்பே குடம் நிரம்பிவிட்டது.

‘ஒருவரே விட்டுக்கொடுத்துக் கொண்டிருந்தால் மற்றவர் அதைப் பயன்படுத்திக்கொள்ள மாட்டாரா?’ என்று கேட்கலாம். குடம் தனியே தூக்க இயலாதபடி கனமாக இருந்தால், அம்மூவரும் சைகையால் மற்றவரை அழைத்தனர். மனத்திற்குள் முணுமுணுத்தபடி தனியே சுமக்கவில்லை. ஐந்து நாட்களுக்கு ஒருமுறை இரவு முழுவதும் அமர்ந்து தர்மத்தைப் பற்றி உரையாடவும் செய்தனர். கணக்கை மனத்தில் எழுதி வைத்துக்கொண்டு செய்யும் வேலை விட்டுக்கொடுத்தல் ஆகாது. அது கடன் கொடுத்தலே. உதவியைக் கேட்பதும், மனம் விட்டுப் பேசுவதும் அன்புக்கு முரணானவை அல்ல.

அறைத்தோழருடன் வாழ்பவர் சாதனைக்கென வேறிடம் தேட வேண்டியதில்லை. காலிக் குடத்தை முதலில் காண்பவர் நிரப்பட்டும். கனமாக இருந்தால் கடிந்துகொள்ளாமல் அழைக்கட்டும். மனப்பக்குவம் அங்கிருந்தே தொடங்குகிறது.