குரு காணாத சீடன்

நூலுக்குச் சிறப்புப் பாயிரம் செய்யப் புகுவோன் கூறவேண்டிய செய்திகள் எட்டு என்று பவணந்தி முனிவர் நன்னூலில் வகுத்தார். ஆக்கியோன் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பன அவை. பள்ளிப் பருவத்தில் பிரம்புக்கு அஞ்சி இவற்றை ஒப்புவித்த நாட்களில், ‘கேட்போர்’ என்ற ஒன்றை எதற்காக இவ்வரிசையில் வைத்தார் என்று நான் சிந்தித்ததே இல்லை. நூல் என்று ஒன்று இருந்தால் விரும்பியவர் யாரும் எடுத்துப் படிக்கலாமே, இன்னார் கேட்டற்குரியர் என்று வரம்பு கட்டுவானேன் என்பதே அன்றைய என் எண்ணம். ஐம்பத்தாறாவது வயதில், என் வீட்டுக் கூடத்தில், தொலைக்காட்சிப் பெட்டிக்கு எதிரே, ஒரு காலைத் தூக்கியபடி நான் நிலைதவறிச் சாய்ந்த ஒரு காலைப்பொழுதில்தான் அச்சொல்லின் அருமை எனக்கு விளங்கலாயிற்று.

நடந்தது இவ்வளவே. நடைப்பயிற்சி மட்டும் போதாது, இருதயம் சற்று விரைந்து துடிக்கும்படியான அப்பியாசமும் வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். வெளியே சென்று பழக வெட்கப்படும் தந்தைக்கு உகந்தது எது என்று ஆராய்ந்த என் மகள், கார்டியோ கிக்பாக்சிங் என்று வழங்கும் பயிற்சியின் காணொளிகள் சிலவற்றைத் தேடிக் கொடுத்தாள். தொடக்க நிலை, இடைநிலை, உயர்நிலை என்று அவை மூவகைப்பட்டிருந்தன. “அப்பா, முதல்ல இருக்கறதையே போடுங்க” என்று சொல்லிவிட்டு அவள் அலுவலகம் போனாள். நான் இடைநிலையைப் போட்டேன். காரணம் கேட்டால் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. ‘தொடக்க நிலை’ என்னும் சொற்றொடர் என் வயதுக்கும் படிப்புக்கும் ஒவ்வாத ஒன்றாகத் தோன்றியதே காரணம். பன்னிரண்டாம் நிமிஷத்தில் வலது முழங்கால் சுளுக்கிக்கொண்டது. அடுத்த மூன்று வாரங்கள் சாய்வு நாற்காலியில் கழிந்தன. அந்த ஓய்வில் என்னை விடாது பற்றிக்கொண்ட கேள்வி ஒன்று உண்டு. தன் தகுதியைத் தானே அறிந்துகொள்ளுதல் மனிதனுக்குக் கைகூடுவதா? சீடனைக் காணாத குருவிடம் கற்கப் புகுவோனுக்கு அதிகாரத்தை நிர்ணயிப்பவர் யார்?

இந்தப் பயிற்சியின் வரலாறே இக்கேள்வியை எழுப்புவதாய் அமைந்திருக்கிறது. கராத்தேயையும் தாய்லாந்து நாட்டு முவே தாய்ப் போர்முறையையும் தழுவி, கையாலும் காலாலும் பொரும் ஒரு பந்தயக் கலை 1960களில் ஜப்பானில் உருவாயிற்று. ஒசாமு நோகுச்சி என்ற குத்துச்சண்டை அமைப்பாளர் அதற்குக் கிக்பாக்சிங் என்று பெயர் சூட்டினார். பின்னர் அமெரிக்காவில் பில்லி பிளாங்க்ஸ் என்னும் கராத்தே வீரர், தேக்வாண்டோவின் உதையையும் பாக்சிங்கின் குத்தையும் இசையோடு கூட்டி ‘டே போ’ என்ற உடற்பயிற்சியை அமைத்தார். 1990களின் பிற்பகுதியில் தொலைக்காட்சி விளம்பரங்களின் வாயிலாக அதன் ஒளிநாடாக்கள் வீடுதோறும் புகுந்தன. இவ்வாறு போர்க்களத்தினின்றும் வரவேற்பறைக்கு வந்து சேர்ந்தபோது அக்கலை இழந்தவை இரண்டு. ஒன்று, எதிரி, மற்றொன்று, மூலையில் நின்று கவனிக்கும் ஆசான். எதிரி இல்லாமையால் அடிபடும் அபாயம் நீங்கிற்று; அது நன்மையே. ஆனால் மேடையில் ஒருவனுடைய தரத்தை ஒளிவு மறைவின்றி அவனுக்கே உணர்த்தக்கூடியவர்கள் இவ்விருவருந்தாம் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். கையைச் சற்றே தாழ்த்தினால் எதிரியின் குத்து முகத்தில் விழுந்து உண்மையைச் சொல்லிவிடும். மூச்சு இரைத்தால் ஆசான் மணி அடிக்குமுன்பே கண்டுகொள்வார். வீட்டுக் கூடத்திலோ காற்றைத்தான் குத்துகிறோம். காற்று யாரையும் திருப்பி அடிப்பதில்லை. இரு கண்ணாடிகளும் எடுபட்ட அறையில், தன் முகத்தைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டிய நிலைக்கு மனிதன் ஆளாகிறான்.

நம் முன்னோர் அதிகார பேதத்தை எத்துணைக் கவனத்தோடு பேணினர் என்பதை இங்கே எண்ணிப் பார்க்கலாம். வேதாந்த நூல்கள் விஷயம், சம்பந்தம், பிரயோஜனம் ஆகியவற்றோடு, இதனைக் கற்றற்குரிய அதிகாரி யார் என்பதையும் முகப்பிலேயே சொல்லித் தொடங்குவது வழக்கம். சைவ சித்தாந்திகள் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று நான்கு பாதங்களை வகுத்து, ஆன்மாவின் பக்குவத்துக்கு ஏற்ப ஒவ்வொன்றையும் விதித்தார்கள். இதில் உயர்வு தாழ்வு என்னும் இழிந்த எண்ணம் நுழைந்துவிடக் கூடாதே என்று தாயுமானவர் கருதினார் போலும். அந்நான்கையும் அரும்பு, மலர், காய், கனி என்பவற்றுக்கு ஒப்பிட்டார். அரும்பு, கனியினும் தாழ்ந்த பொருள் அன்று. தன் பருவத்தில் நிற்கும் கனியே அது. திருக்கோயிலில் அலகிடுதலும் மெழுகுதலும் சரியையின்பாற்படும். கையில் உழவாரம் ஏந்திய அப்பரடிகளைச் சரியை நெறிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது மரபு. அப்பரைத் தொடக்க நிலையினர் என்று யாரேனும் இகழ்ந்தது உண்டா?

ஆனால் இம்மரபு முழுவதும் ஓர் அடிப்படையின்மேல் நிற்கிறது. குரு சீடனைப் பார்க்கிறார் என்பதே அது. தன் முட்டைகளை மீன் கண்ணால் நோக்கியே பொரிக்கும் என்ற பழைய நம்பிக்கையை உவமையாக்கி, ஆசிரியனுடைய பார்வையாலேயே அருள் பதியும் நயன தீட்சையைச் சைவர்கள் கூறுவார்கள். காணொளியில் தோன்றும் ஆசிரியரும் நம்மை நோக்கிப் புன்னகை செய்கிறார், “மிக நன்று, அப்படித்தான்!” என்று உற்சாகமும் ஊட்டுகிறார், எனினும் அவர் கண் நோக்குவது கேமராவின் கண்ணாடியை. நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் அமர்ந்திருந்த அந்தக் கணத்திலும் அவர் என்னைப் பார்த்து, மிக நன்று என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

குரு காணாமலே கற்று உயர்ந்த ஏகலைவன் இல்லையா என்று கேட்கலாம். துரோணருடைய மண் உருவத்தை நிறுத்தி, அதன்முன் வில் பயின்று, அருச்சுனனையே அஞ்சச்செய்த வேட்டுவச் சிறுவன் அவன். அது அபூர்வமான சிரத்தையின் கதை. எல்லார்க்கும் பொதுவிதி ஆகாது. அன்றியும், காணாத குருவுக்கும் தட்சிணை உண்டு என்பதை அக்கதையே சொல்கிறது. ஏகலைவன் கட்டைவிரலைக் கொடுத்தான். நம்மில் பலர் முழங்காலைக் கொடுக்கிறோம்.

காணும் குரு என்ன செய்வார் என்பதற்குப் பௌத்தர்களின் விநய நூலில் வரும் சோணன் வரலாறு சான்றாகும். சம்பா நகரத்துச் செல்வர் வீட்டில், உள்ளங்காலில் மயிர் முளைக்கும் அளவுக்குத் தரையில் அடி பதியாமல் வளர்ந்தவன் அவன். துறவு பூண்டபின், முயற்சியில் தான் எவர்க்கும் இளைத்தவன் அல்லன் என்று காட்டுவான்போல, பாதம் வெடித்து இரத்தம் பெருகும்வரை முன்னும் பின்னும் நடந்து தியானம் பயின்றான். புத்தர் அவ்வழியே வந்தார். குருதி தோய்ந்த நடைபாதையைக் கண்டார். வீணை வல்லவனாகிய அவனிடம், நரம்பை மிக முறுக்கினாலும் மிகத் தளர்த்தினாலும் இசை பிறக்குமோ என்று வினவினார். அவன் தெளிந்தான். அவனுடைய மென்மையான பாதங்களுக்கென்று அவர் பாதரட்சை அணியவும் அனுமதி தந்தார். தனக்கு மட்டும் எனின் வேண்டா என்று அவன் மறுக்கவே, அது சங்கத்தார் அனைவர்க்கும் பொது அனுமதி ஆயிற்று. முறுக்கின் அளவையும் காலணியையும் ஒருசேரக் கவனித்த ஆசான் அவர். அவ்விரண்டையும் நாமே கவனித்துக்கொள்ள வேண்டியிருப்பதுதான் நம் காலத்தின் நிலை.

கண்ணாடி இல்லாத இடத்தில் அகங்காரம் இருவகை வேஷம் புனைகிறது. பகவத் கீதை பதினேழாம் அத்தியாயத்தில் தவத்தை மூன்றாகப் பிரித்து, மெச்சிக்கொள்ளப்படுவதற்காகச் செய்வதை ராஜசம் என்றும், மூடத்தனமான பிடிவாதத்தால் தன்னை வருத்திக்கொள்வதைத் தாமசம் என்றும் விலக்குகிறது. உயர்நிலைக் காணொளியை முதல் நாளே தேர்ந்து, துள்ளலும் சுழலுமாக நாற்பத்தைந்து நிமிஷங்கள் தன்னை வதைத்துக்கொள்பவன் இவ்விரண்டையும் ஒன்றாகச் செய்கிறான். மற்றொரு வேஷம் இதனினும் நுட்பமானது. மூன்று மாதம் பழகி உடல் தேறிய பின்னும், எனக்கு இது போதும் என்று இருபது நிமிஷத் தொடக்கப் பயிற்சியிலேயே வியர்வையின்றி நிற்பவன், தன் சோம்பலுக்குப் பணிவு என்று பெயர் சூட்டிக்கொள்கிறான். தன்னை மிகையாக மதிப்பதும் குறைவாக மதிப்பதும் தோற்றத்தில் எதிரெதிரானவை. உண்மையைக் காண மறுப்பது என்னும் ஒரே வேரிலிருந்து இரண்டும் கிளைக்கின்றன.

ஆயின் உண்மையைக் காண்பது எவ்வாறு? விஞ்ஞானம் இதற்கு ஒரு கணக்கைத் தருகிறது. 220இலிருந்து வயதைக் கழித்தால் இருதயத்தின் உச்சத் துடிப்பு ஏறத்தாழக் கிடைக்கும். எனக்கு அது 164. மிதமான உழைப்பு அவ்வுச்சத்தில் சற்றேறக்குறைய 64 முதல் 76 சதவீதம்வரை என்பர். ஆனால் இது சராசரி மனிதனுக்கான கணக்கு; சராசரி மனிதனை யாரும் சந்தித்ததில்லை. ஒரே வயதுடைய இருவர்க்குப் பத்து, பன்னிரண்டு துடிப்புகள் வேறுபடலாம். இரத்த அழுத்தத்துக்குச் சில மருந்துகளை உண்பவர்க்கு இக்கணக்கே பொருந்தாது. ஆதலின், சுவீடன் நாட்டு உளநூலறிஞர் குன்னார் போர்க் மற்றொரு வழியைக் கண்டார். உழைப்பவனையே கேட்டுவிடுவது என்பதே அவ்வழி. உழைப்பே இல்லாத 6 முதல், இதற்குமேல் இயலாது என்னும் 20 வரை ஓர் அளவுகோலை அமைத்து, இப்பொழுது உனக்கு எவ்வளவு கடினமாக இருக்கிறது என்று வினவினார். அவன் சொல்லும் எண்ணைப் பத்தால் பெருக்கினால், அது நாடித்துடிப்பின் எண்ணிக்கையை ஒருவாறு நெருங்கி நிற்கும்படி அக்கோல் அமைந்தது.

இதில் ஒரு தத்துவ இரகசியம் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. கருவிகளால் வெளியிலிருந்து அளக்கத் தொடங்கிய சாஸ்திரமே, முடிவில் உள்ளேயிருந்து பார்க்கும் சாட்சியினிடம் வந்து வாக்குமூலம் கேட்கிறது. சரீரம் உழைக்கிறது, மனம் பெருமை பேசுகிறது, இவ்விரண்டையும் கண்டுகொண்டிருப்பது வேறொன்று என்று வேதாந்திகள் சொல்லும்போது அது எட்டாத உயரத்துப் பேச்சாகத் தோன்றும். ஆனால் உதைத்துக்கொண்டிருக்கும்போதே ஒரு முழு வாக்கியத்தை மூச்சுத் தடையின்றிப் பேச முடிகிறதா என்று தன்னைத் தானே கேட்டு நேர்மையாக விடை சொல்பவன், அந்தச் சாட்சியின் வாயிலை ஒருமுறை தட்டிப் பார்த்தவன் ஆகிறான். பேச முடிந்தால் உழைப்பு மிதமானது. சில சொற்களுக்குமேல் வாராவிடின் அது கடினம். ஒரு சொல்லும் வாராவிடின் அந்தக் காணொளிக்கு நான் கேட்போன் அல்லேன்.

முழங்கால் தேறியபின் நான் கைக்கொண்ட முறை, கேள்வி, சிந்தனை, நிட்டை என்று நம் பெரியோர் வகுத்த படிகளே. முதலில் காணொளி முழுவதையும் உட்கார்ந்தபடியே பார்த்தேன். உடலைச் சூடேற்றும் பகுதி தொடக்கத்திலும், தணிக்கும் பகுதி இறுதியிலும் உண்டா, ஜாப், கிராஸ், ஹுக், அப்பர்கட் என்னும் குத்துகளையும் முன்னுதை, பக்கவாட்டு உதைகளையும் தனித்தனியே மெதுவாகக் கற்பித்த பிறகுதான் கோவையாகச் சேர்க்கிறாரா, துள்ளாமலும் தாழ உதைத்தும் அதே அசைவைச் செய்து காட்டும் ஒருவர் பின்வரிசையிலேனும் நிற்கிறாரா என்று கவனித்தேன். பின்னர்ச் சிந்தித்தேன். ரவுண்ட்ஹவுஸ் என்னும் சுழல் உதையில், ஊன்றிய காலின் முன்பாதம் இடுப்போடு சேர்ந்து திரும்ப வேண்டும். பாதம் தரையைப் பற்றிக்கொண்டு நிற்க இடுப்பு மட்டும் திரும்பினால், அம்முறுக்கு முழுவதையும் முழங்கால் ஏற்கும். என் வழுக்காத ஓட்டக் காலணி தரையைப் பற்றிக்கொண்ட கதை அப்போதுதான் புரிந்தது. அதன் பின்னரே எழுந்து நின்றேன். குத்தும்போது முழங்கையை விறைத்து நீட்டிவிடாமலும், இடுப்புக்குமேல் காலை உயர்த்தாமலும், கையில் எடைக்கட்டை ஏதும் ஏந்தாமலும், வாரத்துக்கு மூன்று நாள் பழகினேன். கடைசி நிமிஷத்துக் குத்தும் முதல் நிமிஷத்துக் குத்தைப்போல் செவ்வையாக அமையும் நாள் வருமட்டும் அடுத்த நிலையைத் தொடுவதில்லை என்பது எனக்கு நானே விதித்துக்கொண்ட நியமம். நெஞ்சு வலியோ மயக்கமோ தோன்றினால் நியமங்களை ஒதுக்கிவிட்டு மருத்துவரிடம் செல்லவேண்டும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இவ்வாறு பழகிவரும் ஒரு நாளில், மகள் கூடத்தில் வந்து நின்று, “இன்னும் முதல் காணொளிதானாப்பா?” என்றாள். ஆமாம் என்றேன். அந்த விடையைச் சொல்லும்போது உள்ளத்தில் ஏதும் சுருக்கென்று தைக்கவில்லை என்பதைக் கவனித்து வியந்தேன். முழங்காலைக் காட்டிலும் அங்கே தேறியிருந்தது வேறொன்று என்று பட்டது. அன்று மாலை நன்னூலை எடுத்துப் புரட்டினேன். பவணந்தியார் ‘கேட்போர்’ என்பதை ஏழாவதாக வைத்து, ‘பயன்’ என்பதை அதற்குப் பின்னர் எட்டாவதாக வைத்திருக்கிறார். அந்த வரிசை செய்யுளின் யாப்புக்காக நேர்ந்ததாகவே இருக்கலாம். ஆயினும் எனக்கு அது விதியாகவே படுகிறது.