பல்லேடியம் ஏன் காந்தமாகவில்லை

இரும்பின் அணுக்கள் குட்டிக் காந்தங்கள், ஒன்றையொன்று இழுத்து வரிசையில் நிற்கின்றன என்று பள்ளிப் பாடம் நம்மை நினைக்க வைக்கிறது. கணக்கு இடம் தருவதில்லை. அந்த இழுப்பு மிகவும் நோஞ்சான். தனிச்சுழி வெப்பநிலைக்கு மேல் ஒரு டிகிரி சூடேறினாலே வரிசை கலைந்துவிடும். இரும்போ 770 டிகிரி செல்சியஸ் வரை தாங்குகிறது.

*

எது தாங்கவைக்கிறது? 1928இல் இயற்பியலாளர் ஹைசன்பர்க் சொன்ன விடை: எலக்ட்ரான்களுக்கு இடையிலான மின்விலக்கம். தற்சுழற்சி ஒரே திசையில் உள்ள இரு எலக்ட்ரான்கள் ஓரிடத்தில் சேர பவுலியின் விதி விடாது. அவை எட்டி நிற்கின்றன. எட்டி நிற்பதால் விலக்க ஆற்றல் குறைகிறது. ஒருவரையொருவர் தவிர்க்கப்போய் எல்லோரும் ஒரே பக்கம் திரும்பிவிடுகிறார்கள்.

*

உலோகத்தில் இதற்கு ஒரு விலை உண்டு. கீழ்நிலைகள் நிரம்பியிருப்பதால், திசை மாறும் எலக்ட்ரான் மேல்நிலைக்கு ஏறியாக வேண்டும். லீட்ஸில் இருந்த எட்மண்ட் ஸ்டோனர் 1930களில் இந்த வரவு செலவைப் போட்டுப் பார்த்தார். விலக்கத்தின் வலிமையை, நிரம்பிய நிலைகளின் மேல்விளிம்பான ஃபெர்மி மட்டத்தில் நெருங்கிக் கிடக்கும் நிலைகளின் அடர்த்தியால் பெருக்க வேண்டும். விடை ஒன்றைத் தாண்டினால் காந்தம். இரும்பு, கோபால்ட், நிக்கல் தாண்டுகின்றன. செம்பு கிட்டவே வருவதில்லை.

நிக்கலின் காந்தத் திருப்புத்திறன் அணுவுக்குச் சுமார் 0.6 போர் மேக்னட்டான் (அணுக்காந்தத்தை அளக்கும் அலகு). தனி அணு ஒன்றின் கணக்கில் இந்தப் பின்னம் வராது. இது கூட்டத்தின் சொத்து.

*

என்னை அதிகம் யோசிக்க வைப்பது பல்லேடியம்தான். தனிம அட்டவணையில் நிக்கலுக்கு நேர் கீழே இருக்கிறது. ஸ்டோனர் கணக்கில் அதன் பெருக்குத்தொகை ஒன்றுக்குச் சற்றே குறைவு; எவ்வளவு குளிர்வித்தாலும் காந்தமாவதில்லை. ஆனால் வெளியிலிருந்து ஒரு காந்தப்புலம் வந்தால், சாதாரண உலோகக் கணக்கு சொல்வதைவிடப் பல மடங்கு அதிகமாக அதற்கு இசைகிறது. துளி இரும்பைக் கரைத்தாலோ, ஒவ்வோர் இரும்பணுவும் அக்கம்பக்கத்துப் பல்லேடிய அணுக்களையும் திருப்பிக்கொண்டு சுமார் பத்து மேக்னட்டான் கனத்துக்கு வளர்ந்துவிடுகிறது.

*

குரோமியத்தில் அதே விலக்கம் எதிரெதிர்த் திசைகளை உண்டாக்குகிறது, அதுவும் படிக அமைப்போடு சரியாகப் பொருந்தாத ஓர் அலையாக. ஏறத்தாழ 38 டிகிரியில் அந்த ஒழுங்கு போய்விடும். நமக்குக் காய்ச்சல் என்று சொல்லும் சூடு அது.

*

ஸ்டோனர் கணக்கில் ஓட்டை இருக்கிறது. இரும்பின் காந்தம் பல ஆயிரம் டிகிரி வரை நீடிக்கும் என்கிறது. உண்மையில் 770க்கு மேலும் திருப்புத்திறன்கள் அழிவதில்லை, திசைதான் சிதறிப்போகிறது. திருப்புத்திறன்களின் இந்த அலைவுகளைக் கணக்கில் சேர்க்கும் வழியை, 1970களில் ஜப்பானின் தோரு மோரியாவும் அவருடன் உழைத்தவர்களும் வகுத்தார்கள்.