பத்துக்குப் பன்னிரண்டில் ஒரு திரையரங்கு

படம் பார்க்க உட்கார்ந்தால் ரிமோட்டைக் கீழே வைக்க முடிவதில்லை. பேச்சு வரும்போது ஏற்றுகிறோம், சண்டை வரும்போது இறக்குகிறோம். டிவி மெலிய மெலிய அதன் ஸ்பீக்கர்கள் அடிப்பக்கத்துக்கும் முதுகுப்பக்கத்துக்கும் போய்விட்டன. ஒலி முதலில் சுவரிலும் மேசையிலும் முட்டிவிட்டு, மிச்சமிருந்தால் நம்மிடம் வருகிறது. வீட்டில் ஹோம் தியேட்டர் பேச்சு எழுந்தபோது எனக்கு வெடிச்சத்தம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஒருத்தர் தணிந்த குரலில் பேசினால் என்ன சொன்னார் என்று விளங்க வேண்டும், அவ்வளவுதான். இதைக் கடையில் சொன்னால் விலை குறைக்கத்தான் இப்படிப் பேசுகிறார் என்று நினைக்கிறார்கள்.

*

சென்னை ரிச்சி தெருவில் கடைக்குக் கடை டெமோ. எங்கே போனாலும் ஏதாவது ஒன்று வெடித்துக்கொண்டிருக்கிறது. "பேஸ் நெஞ்சுல வந்து அடிக்கும் சார், கை வச்சுப் பாருங்க" என்றார் ஒரு கடைக்காரத் தம்பி. அடித்தது உண்மைதான். இரண்டு பெட்டிகளை அடுத்தடுத்துக் கேட்கும்போது, ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஒலித்தாலே போதும், காது அதைத்தான் நல்லது என்று சொல்லும். கூடுதல் சத்தம் என்றுகூடத் தோன்றாது, தெளிவு என்று தோன்றும். விற்பவர்களுக்கு இது தெரியும்.

அதனால் பென் டிரைவில் நானே இரண்டு எடுத்துப் போயிருந்தேன். ஒன்று, இரண்டு பேர் அறைக்குள் உட்கார்ந்து பேசும் காட்சி. இன்னொன்று, தம்புராவும் ஆண் குரலும் மட்டும். "தம்பி, வால்யூமைப் பாதியாக் குறைங்க." குறைத்தார். "இன்னும் கொஞ்சம்." அவர் முகத்தில் ஒரு குழப்பம். அந்தத் தணிந்த நிலையில் பாதிப் பெட்டிகள் வாயை மூடிக்கொண்டன. இரண்டோ மூன்றோதான் பேசின. அவற்றில் ஒன்று, கடையில் யாரும் கை காட்டாத, மூலையில் தூசி படிந்த ஜோடி.

*

தொண்ணூறுகளில் டேப் ரெக்கார்டர் வாங்கிய வீடுகளுக்கு பி.எம்.பி.ஓ. என்ற நான்கெழுத்து மறந்திருக்காது. கையில் தூக்கிப் போகிற பெட்டியின் நெற்றியில் ஆயிரக்கணக்கான வாட்ஸ் என்று பளபளக்கும் ஸ்டிக்கர். ஒரு கண நேரத்தின் உச்சத்தைக் கற்பனையாகப் பெருக்கிப் போட்ட எண் அது. எந்த அளவுகோலுக்கும் கட்டுப்பட்டதில்லை. இப்போது ஆர்.எம்.எஸ்., அதாவது தொடர்ந்து தரக்கூடிய வாட்ஸ், பார்த்து வாங்கச் சொல்கிறார்கள். சரிதான். ஆனால் அந்த எண்ணும் தனியாக நின்றால் அதிகம் சொல்லாது.

ஸ்பீக்கரின் பின்னட்டையில் பலர் படிக்காமல் விடும் ஒரு வரி உண்டு: சென்சிடிவிட்டி. 87 டெசிபல் என்று போட்டிருந்தால், ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்றால் அவ்வளவு சத்தம் வரும் என்று பொருள். சோபா இரண்டரை மீட்டர் தள்ளி இருக்கிறது என்றால் அது 79 அளவுக்கு இறங்கும். சாதாரணமாக நாம் பேசுவது 60 டெசிபல் சுமார். ஆக, படத்தில் வருகிற பேச்சு முழுவதையும் தூக்கிச் சுமக்க ஒரு வாட்டே அதிகம். மிச்ச வாட்ஸ் எல்லாம் திடீரென்று கதவு அறைந்து சாத்தப்படும் அந்த ஒரு நொடிக்காகக் காத்திருக்கின்றன. 50 வாட்டை 100 ஆக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல், காதுக்குச் சற்றே தெரியும் அளவு. சத்தம் இரட்டிப்பானதாக உணர வேண்டுமானால் வாட் பத்து மடங்காக வேண்டும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு விலைப்பட்டியலில் வாட்ஸ் பத்தியை விரலால் மறைத்துக்கொண்டு மற்றதைப் படிக்கப் பழகினேன்.

*

ஊரில் ரேடியோ மெக்கானிக் கடைகளில் 4440 போர்டு போட்டு ஆம்ப் கட்டிய காலம் ஒன்று இருந்தது. எல்.ஏ.4440 என்ற சான்யோ ஐ.சி. ஸ்டீரியோவில் பக்கத்துக்கு 6 வாட், இரண்டையும் சேர்த்துக் கட்டினால் 19 வாட். 12 வோல்ட் பேட்டரியில் ஓடும். டிராக்டரிலும் மினி பஸ்ஸிலும் டீக்கடையிலும் அதுதான் பாடியது. அதோடு ஒரு மண்பானை. பானையின் வாயில் ஸ்பீக்கரைப் பொருத்தி வைத்தால் பேஸ் வரும் என்பது பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரியும். வெறும் ஸ்பீக்கரில் கூம்பின் முன்பக்கம் தள்ளும் காற்றைப் பின்பக்கம் உறிஞ்சிக்கொள்கிறது. தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. பானை அந்த முதுகை அடைத்துவிடுகிறது. பக்கத்தில் ஒரு ஓட்டையும் போட்டுவிட்டால் உள்ளிருக்கும் காற்று தனக்கென்று ஒரு சுருதியில் அதிரத் தொடங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் கணக்குப் போட்டு விளக்கியது இதைத்தான்.

இன்று கடையில் இருக்கும் சப் ஊஃபர்களிலும் இதே இரண்டு ஜாதிதான். முழுதும் மூடியது, துளை வைத்தது. துளை வைத்தது அந்தத் துளையின் சுருதிவரை அதிகமாக ஒலிக்கும், அதற்குக் கீழே செங்குத்தாக விழும். மூடியது முன்னாலேயே குறையத் தொடங்கி, சரிவாக இறங்கும். கையில் காசு குறைவு என்றால் கிடைப்பவை பெரும்பாலும் துளை வைத்தவை. அதில் குற்றமில்லை. கவனிக்க வேண்டியது ஊஃபரின் அகலம். 80 ஹெர்ட்ஸில் எழுப்பும் அதே சத்தத்தை 40 ஹெர்ட்ஸில் எழுப்ப, கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் ஓட வேண்டும். 5 அங்குலக் கூம்பால் அது முடியாது. முடியாததை மறைக்க, 70, 80 ஹெர்ட்ஸில் ஒரு மேட்டை வைத்து அதையே பேஸ் என்று விற்கிறார்கள். எல்லாப் பாட்டிலும் ஒரே ஒரு 'டும்'. மிருதங்கத்தின் தொப்பியும் டும், இடியும் டும், லாரி கதவும் டும்.

*

தாழ்ந்த ஒலிக்குத் திசை இல்லை. இந்தத் தேடலில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது இதுதான்.

80 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை நாலேகால் மீட்டருக்கு மேல் நீளம். 20 ஹெர்ட்ஸ் என்றால் 17 மீட்டர். நம் இரு காதுகளுக்கும் இடையே ஒரு சாண் தூரம்கூட இல்லை. அவ்வளவு பெரிய அலை எந்தப் பக்கமிருந்து வந்தது என்று அவை எப்படிக் கண்டுபிடிக்கும்? அதனால்தான் ஏறக்குறைய 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதையெல்லாம் ஒரே பெட்டியில் திருப்பிவிட்டு அதை மூலையில் வைத்துவிட முடிகிறது. தியேட்டர்களுக்கான டி.எச்.எக்ஸ். தரத்தை 1980களில் வகுத்தவர் டாம்லின்சன் ஹோல்மன். வீட்டுக்கான டி.எச்.எக்ஸ். தரம் கோட்டைக் கிழித்ததும் இந்த 80இல்தான்.

பேச்சு இதற்கு நேர் எதிர். அதற்கு இடம் இருந்தே ஆகவேண்டும். திரையில் உதடு அசையும் இடத்திலிருந்து குரல் வராவிட்டால் மனம் உள்ளுக்குள் சிணுங்கும். ஐந்து ஸ்பீக்கர் செட்டில் நடுவில் படுத்துக்கிடக்கும் அந்த ஒன்று, சென்டர், அதற்காகத்தான் இருக்கிறது. ஆணின் குரல் 100 ஹெர்ட்ஸை ஒட்டிப் புறப்பட்டாலும், 'படம்' என்றாரா 'பாடம்' என்றாரா என்பதைத் தாண்டி 'காசு', 'காது' என்று பிரித்துக் காட்டும் மெய்யொலிகள் 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே வாழ்கின்றன. பேஸை ஏற்ற ஏற்ற அவைதான் முதலில் மூழ்கும்.

ஆகவே நல்ல சப் அறையில் எங்கே இருக்கிறது என்று தெரியக்கூடாது. விருந்தாளி வந்து "சப் ஆன்ல இருக்கா?" என்று கேட்க வேண்டும். நாம் எழுந்து போய் அதை நிறுத்திக் காட்டியதும், படம் திடீரென்று சிறுத்துப் போனது அவருக்குத் தெரிய வேண்டும். காசு கொடுத்து வாங்கிய பெரிய பெட்டி தன்னைக் காட்டிக்கொள்ளாமல் இருப்பதைச் சகித்துக்கொள்வது சுலபமில்லை, குறிப்பாக முதல் வாரத்தில். இதே சங்கடம் ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவரின் மெனுவிலும் வரும். முன் ஸ்பீக்கர்கள் 'லார்ஜ்'ஆ 'ஸ்மால்'ஆ என்று கேட்கும். பெருமைக்கு 'லார்ஜ்' போடத் தோன்றும். 'ஸ்மால்' என்று போட்டு 80இல் வெட்டினால்தான் சின்ன ஸ்பீக்கர் தன்னால் முடிந்ததை மட்டும் செய்து தெளிவாகப் பேசும்.

*

எங்கள் கூடம் பத்துக்குப் பன்னிரண்டு அடி. கூரை உயரமும் பத்து. சிமெண்ட் சுவர், டைல்ஸ் தரை. ஒலிக்கு இதைவிடக் கொடுமையான அறை அமைவது கஷ்டம். பன்னிரண்டு அடி நீளத்துக்குள் 47 ஹெர்ட்ஸ் அலையின் பாதி கச்சிதமாக அடங்குகிறது; அந்தச் சுருதி இரண்டு சுவர்களுக்கும் இடையே நின்றபடி அதிரும். அகலமும் உயரமும் ஒன்றாகிப் போனதால் 57இல் இன்னொன்று, அதுவும் இரட்டையாக. அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தால் 47 காணாமல் போகும். பின்சுவரில் முதுகைச் சாய்த்தால் வீங்கும். எந்தப் பெட்டியை வாங்கினாலும் அதன் பேஸில் பெரும் பங்கை இந்தச் சுவர்கள்தான் எழுதுகின்றன. கடையில் கேட்ட பேஸ் அந்தக் கடையின் சுவருடையது.

இதற்குப் பழைய வழி ஒன்று இருக்கிறது. சப்பைத் தூக்கி, நாம் உட்காரும் சோபாவின்மேல் வைத்துவிட வேண்டும். பேஸ் கிட்டார் ஏறி இறங்கும் ஒரு பாட்டை ஓட விட்டு, நாம் சுவரோரமாகத் தவழ வேண்டும். காதும் ஸ்பீக்கரும் இடம் மாறினாலும் அறை அவற்றுக்கிடையே செய்கிற வேலை மாறாது என்பதுதான் இதன் கணக்கு. தவழ்ந்தேன். பீரோ மூலையில் எல்லாம் ஒரே கொதகொதப்பு. பால்கனிக் கதவருகே பாதிச் சுரங்கள் இல்லை. ஷூ ராக்குக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஓரிடத்தில், ஏறுகிறதும் இறங்குகிறதும் படிப்படியாக, ஒன்றுக்கொன்று குறையாமல் கேட்டது. "அங்க என்ன தேடறீங்க?" என்றாள் மனைவி. பதில் சொல்ல நேரமெடுத்தது. சப் இப்போது ஷூ ராக்குக்குப் பக்கத்தில் இருக்கிறது. பார்வைக்கு அழகில்லை.

மேல் ஒலிகளை அடக்குவது எளிது. தரையில் பவானி ஜமுக்காளம் ஒன்று, ஜன்னலுக்குக் கனமான திரை. டைல்ஸின் கூர்மை பாதி குறைந்தது. பேஸுக்கு ஜமுக்காளமெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

*

பீரோ. குறிப்பிட்ட ஒரு சுருதி வந்தால் மட்டும் அதன் கைப்பிடி 'ஸ்ர்ர்' என்று நடுங்கியது. ஸ்பீக்கர் கிழிந்திருக்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். விரலை வைத்தால் நின்றுவிடும், எடுத்தால் வரும். பழைய செய்தித்தாளை நாலாக மடித்துக் கதவிடுக்கில் செருகியதும் போயிற்று. அடுத்து பூஜை அலமாரியில் குத்துவிளக்கின் தட்டு. பிறகு ஷோகேஸ் கண்ணாடி. சப் வாங்கிய வீட்டில் இப்படி ஒவ்வொன்றாக வாய் திறக்கும்.

*

இப்போது யாராவது கேட்டால், காசு கம்மியாக இருக்கும்போது ஏழு, ஒன்பது ஸ்பீக்கர் செட் வாங்காதே என்பேன். ஒரே விலையில் ஐந்து சில்லறைப் பெட்டிகளைவிட இரண்டு நல்ல புக் ஷெல்ஃப் ஸ்பீக்கர்கள் மேல். நடுவில் நேராக உட்கார்பவருக்கு இந்த இரண்டே பேச்சைத் திரையின் மையத்தில் நிறுத்திவிடும். ஓரத்தில் உட்காரும் ஆள் உண்டென்றால் சென்டர், அதுவும் அதே கம்பெனியின் அதே வரிசையில். இல்லையென்றால் ஆள் நடந்து போகும்போது குரல் மாறும். பிறகு சப். பின்னால் வருகிற இரண்டும் கடைசியில், மலிவாகவே இருக்கலாம். முன் ஸ்பீக்கர்கள் நடுக்கோட்டிலிருந்து பக்கத்துக்கு 30 பாகை, ட்வீட்டர் காது உயரத்தில். பின் ஸ்பீக்கர்கள் காதைச் சற்றுத் தாண்டி, 110 பாகை சுமாரில்.

ரிசீவர் பழையது போதும். டால்பி டிஜிட்டல் 1992இலும் டி.டி.எஸ். 1993இலும் தியேட்டருக்கு வந்தவை. பழைய ரிசீவர்களுக்கும் அவை புரியும். எச்.டி.எம்.ஐ.யில் ஏ.ஆர்.சி. இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் டிவியோடு ஒரே கேபிளில் முடிந்துவிடும். பழைய ஸ்பீக்கர் என்றால் கூம்பைச் சுற்றிய வளையத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ரப்பர் என்றால் தைரியமாக எடுக்கலாம். ஃபோம் என்றால் நம் ஊர்ப் புழுக்கத்தில் அது ரஸ்க் மாதிரி உதிர்ந்திருக்கும்.

வயருக்கு யானை விலை வேண்டாம். 16 கேஜ் செம்பு, சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒன்று மாறினாலும் பேஸ் மெலிந்து, குரல் எங்கோ தலைக்குப் பின்னால் மிதக்கும்.

*

1933இல் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் கண்டு எழுதியது: சத்தம் குறையக் குறைய, காது தாழ்ந்த ஒலிகளை மற்றவற்றைவிட வேகமாகக் கைவிடுகிறது. இரவில் வால்யூமைத் தணித்தால் சப் செத்துப்போனது போலிருப்பது அதனால்தான். கை தானாக அதன் திருகை நோக்கிப் போகும். அங்கேதான் கீழ் வீடு வருகிறது. பேச்சைச் சுவர் தடுத்துவிடும்; 40 ஹெர்ட்ஸை நம் ஒன்பது அங்குலச் சுவரும் தளமும் சரியாகத் தடுப்பதில்லை. சப்புக்கு அடியில் ரப்பர் பட்டை வைத்தால் தரை அதிர்வது குறையும், காற்றில் போவது போகத்தான் செய்யும்.

நானே இறங்கிப் போய்க் கேட்டேன். கீழ் வீட்டுப் பெரியவர், ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர், யோசித்துச் சொன்னார். "சத்தம்னு ஒண்ணும் இல்ல தம்பி. ராத்திரி ஜன்னல் கம்பிதான் லேசா அதிரும். நான் லாரின்னு நெனச்சுண்டிருந்தேன்." ஒன்பதரைக்கு மேல் சப்பை நிறுத்திவிடுகிறேன், ரிசீவரில் நைட் மோடும் இருக்கிறது என்றேன். அது என்ன என்று கேட்டார். பெரிய சத்தத்தை இறக்கி, சின்னச் சத்தத்தை ஏற்றிக் கொடுக்கும் என்றேன். அவர் உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"எங்காத்துல அவளுக்கு சீரியல்ல என்ன பேசறான்னே புரியறதில்ல. நாப்பது வச்சாலும் புரியல. இந்த சப்பெல்லாம் வாங்கினா கேக்குமா?"

சப் வேண்டாம் மாமா, டிவிக்கு ரெண்டு பக்கமும் சின்னதா ரெண்டு வையுங்கள், காது உயரத்துக்கு, அவங்க உட்காருகிற நாற்காலியைப் பார்த்து என்றேன். எவ்வளவு ஆகும் என்றார். ஆம்ப் உள்ளேயே இருக்கிற ஜோடியாகப் பார்க்கலாம், சனிக்கிழமை ரிச்சி தெருவுக்கு நானும் வருகிறேன், அவங்களையும் அழைத்துப் போவோம், கேட்க வேண்டியது அவங்கதானே என்றேன்.