பிள்ளை எனும் அமானிதமும் வீட்டுப் பள்ளிக்கூடமும்

"பிள்ளையை எந்தப் பாடசாலையில் சேர்ப்பது?" என்பது கம்பளையைச் சூழ்ந்த எங்கள் மலைக் கிராமங்களில் பழைய கேள்வி. "பாடசாலையில் சேர்க்கத்தான் வேண்டுமா?" என்பது புதிய கேள்வி. 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றினால் நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டபோது வீட்டுக் குசினி மேசையே வகுப்பறையாயிற்று. 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டினால் மீண்டும் கதவடைக்கப்பட்டபோது அது ஓரளவு பழக்கமாகவும் ஆயிற்று. பாடசாலைகள் திறந்த பின்னரும் ஒரு சில குடும்பங்கள் அந்த மேசையை விட்டு எழ விரும்பவில்லை. வேறு சிலர் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிற் சிலர் என்னிடம் வந்து கேட்பது, "வீட்டில் வைத்துப் படிப்பிப்பதென்றால் எந்தப் பாடத்திட்டம் நல்லது, சேர்? எங்களுக்கும் பொருந்த வேண்டும், பிள்ளைக்கும் பொருந்த வேண்டும்" என்பதே.

நான் கிராமத்துப் பாடசாலை ஆசிரியன். ஆகவே இவ்விடயத்தில் எனக்குப் பக்கச்சார்பு இருக்குமென வாசகர் ஐயுற்றால் அது நியாயமே. பாடசாலைக்காக வாதாடுவது இக்கட்டுரையின் நோக்கமல்ல. "பொருந்துதல்" என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் சற்று நின்று பார்க்க விரும்புகிறேன்.

தெரிவுகள் பல இருப்பதுபோல் தோன்றினாலும் நம் பகுதியில் அவை மூன்று நான்குக்குள் அடங்கும். முதலாவது, தேசியக் கலைத்திட்டம். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தமிழ்மொழிமூல நூல்கள் உண்டு; க.பொ.த. சாதாரண தரத்துக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றலாம். இரண்டாவது, கேம்பிரிட்ஜ், எடெக்ஸல் போன்ற பிரித்தானியப் பரீட்சைகளை நோக்கிய ஆங்கிலப் பாடத்திட்டம். அதன் கட்டணம் பவுண் கணக்கில் ஏறி இறங்கும். 2022இல் ரூபாய் சரிந்தபோது அந்த வழியிற் சென்ற குடும்பங்கள் பட்ட பாடு சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மூன்றாவது, வெளிநாட்டிலிருந்து வரும் இஸ்லாமிய வீட்டுக்கல்வித் தொகுப்புகள். நான்காவது, முதலில் குர்ஆனை மனனமிட வைத்துவிட்டு மற்றப் பாடங்களைப் பிறகு பார்ப்பது.

இவற்றுள் ஒன்று பெற்றாருக்குப் பொருந்துகிறது என்று நாம் சொல்லும்போது இரு வேறு பொருள்களை ஒன்றாகக் கலந்துவிடுகிறோம். அது அவர்களால் படிப்பிக்க முடிந்தது என்பது ஒரு பொருள். அது அவர்களது ஆசைக்கும் அச்சத்துக்கும் இசைவானது என்பது மற்றொரு பொருள். முதலாவதை நாம் போதிய அளவு எண்ணுவதில்லை. இரண்டாவதையோ அளவுக்கு மீறி எண்ணுகிறோம். தமிழில் சாதாரண தரம் வரை படித்த ஒரு தாய், கணவர் கட்டாரில் இருக்க, மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஆங்கில விஞ்ஞான நூலைத் திறக்கிறார். நூல் நல்லதுதான். ஆனால் அவர் அதை ஒரு பக்கம் முன்னதாகத் தானே படித்துத்தான் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. "நான் இவனுக்கு உம்மாவா டீச்சரா எண்டு எனக்கே வெளங்குதில்ல, சேர்" என்று அப்படியொரு தாய் என்னிடம் சொன்னார். அவரது மூத்த மகள் புத்தகப் பூச்சி. அவளுக்கு அந்த ஏற்பாடு சொர்க்கம். எட்டு வயது மகனோ கையால் எதையாவது செய்துகொண்டிருந்தால்தான் பாடம் ஏறும் வகை. உனக்கு என்ன வேண்டும் என்று அவனைக் கேட்டேன். "பக்கத்துல இரிக்க ஒருத்தன்" என்றான். ஒரே பாடத்திட்டம், ஒரே மேசை, ஒரே தாய். ஒரு பிள்ளைக்குப் பொருந்தியது மற்றப் பிள்ளைக்குப் பொருந்தவில்லை.

நமது சமூகத்துக்கு இந்தச் சிக்கல் புதியதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் மூதாதையர் மிஷனரிப் பாடசாலைகளைக் கண்டு அஞ்சினர். மார்க்கம் பறிபோகும் என்ற அவ்வச்சம் வெறும் கற்பனையுமல்ல. ஆகவே பிள்ளைகளை வீட்டோடும் பள்ளிவாசலோடும் நிறுத்திக்கொண்டனர். லெப்பையிடம் ஓதினார்கள்; பெண்பிள்ளைகள் வீட்டில் அரபுத்தமிழில் மார்க்கச் சட்டங்களையும் பாக்களையும் கற்றார்கள். அதனால் ஈமான் காக்கப்பட்டது. ஆனால் உலகக் கல்வியில் சமூகம் பின்தங்கியது. கண்டியிற் பிறந்த அறிஞர் எம்.ஸி. சித்திலெப்பை (1838–1898) இவ்விரண்டு உண்மைகளையும் ஒருங்கே கண்டவர். 1882இல் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கி அவர் எழுதிய எழுத்துகளின் சாரம், அச்சம் நியாயமானதே, ஆனால் அச்சத்தை மட்டும் பாடத்திட்டமாக்க முடியாது என்பதுதான். வீடா, மிஷனரிப் பாடசாலையா என்ற இரண்டில் ஒன்றை அவர் தெரிவு செய்யவில்லை. நமக்கான பாடசாலைகளை, பெண்பிள்ளைகளுக்கும் சேர்த்து, நாமே நிறுவுவது என்ற மூன்றாவது வழியைத் திறந்தார்.

பெற்றாரின் அச்சத்தை எள்ளி நகையாடுவோர் இப்னு கல்தூனைப் படிக்க வேண்டும். 1377இல் எழுதிய 'முகத்திமா'வில் அவர் பிள்ளைகளின் கல்வி பற்றித் தனி அத்தியாயமே வைத்திருக்கிறார். மக்ரிபில் குர்ஆனை மட்டும் கற்பிக்கிறார்கள். ஸ்பெயினில் அதனுடன் கவிதையும் மொழியும் எழுத்தும் சேர்கின்றன என்று ஊருக்கு ஊர் உள்ள வேற்றுமைகளை வரிசைப்படுத்துகிறார். பிறகு, செவில் நகரத்துக் காழி அபூபக்ர் இப்னுல் அரபியின் யோசனையை எடுத்துக்கொள்கிறார். முதலில் மொழியும் கவிதையும், பின்பு கணிதம், அதன் பின்பே விளங்கிப் படிக்கக்கூடிய வயதில் குர்ஆன் என்பது காழியின் வரிசை. அது நல்ல முறைதான் என இப்னு கல்தூன் ஒப்புக்கொள்கிறார். ஆயினும் வழக்கம் அதற்கு இடந்தராது என்கிறார். பருவமடைந்ததும் பிள்ளை கைமீறிப் போய்விடலாம். எனவே கைக்குள் இருக்கும்போதே குர்ஆனைக் கொடுத்துவிட வேண்டும் என்று பெற்றார் கருதுகிறார்கள் என்பதே அவர் காட்டும் காரணம். பிள்ளை தொடர்ந்து கற்பான் என்பது உறுதியானால் காழியின் முறையே மேலானது என்றும் சேர்த்துச் சொல்கிறார். "கைக்குள் இருக்கும்போதே" என்ற அந்த எண்ணம்தான் இன்றும் எங்கள் ஊர் வாப்பாமாரின் நெஞ்சில் இருக்கிறது. அதே இப்னு கல்தூன், கடுமை காட்டிக் கற்பித்தால் பிள்ளையின் உள்ளம் சுருங்கி, பொய்யும் பாசாங்கும் அதில் குடியேறும் என்றும் எச்சரிக்கிறார். அச்சத்துக்கும் இடமுண்டு, எல்லையுமுண்டு.

அந்த எல்லை எது? இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 'இஹ்யா'வில் பிள்ளையைப் பெற்றாரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்கிறார். இச்சொல்லை நாம் கலியாண வீட்டுப் பயானிலும் கேட்கிறோம், ஜும்ஆவிலும் கேட்கிறோம். கேட்டுப் பழகியதால் அதன் சட்டப் பொருள் நமக்கு மறந்துவிட்டது. அமானிதமாகப் பெற்ற பொருளை வைத்திருப்பவருக்கு ஃபிக்ஹ் நூல்கள் விதிக்கும் கடமைகள் எளிமையானவை. அந்தப் பொருளை அதன் இயல்புக்கேற்பப் பாதுகாக்க வேண்டும். தன் சொந்தத் தேவைக்குப் பயன்படுத்தக் கூடாது. உரியவர் கேட்கும்போது திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இம்மூன்றையும் பிள்ளைக் கல்வியில் வைத்துப் பாருங்கள். இயல்புக்கேற்பப் பாதுகாப்பது என்றால், கையால் கற்கும் பிள்ளைக்குக் கையையும், கேட்டுக் கற்கும் பிள்ளைக்குச் செவியையும் கொடுப்பது. பாடம் முடிந்ததும் பிள்ளையை விளையாட விட வேண்டும், இல்லையேல் அதன் உள்ளம் செத்துவிடும் என்று கஸ்ஸாலியே சொல்கிறார். சொந்தத் தேவைக்குப் பயன்படுத்தாதிருப்பது என்றால், நான் ஆகாத டொக்டரை, நான் ஆகாத ஹாபிழை என் பிள்ளைக்குள் உருவாக்கி என் குறையை நிரப்பிக்கொள்ளாதிருப்பது. மூன்றாவதே கடினமானது. திருப்பிக் கொடுப்பது யாரிடம்? உரியவன் அல்லாஹ், அதில் ஐயமில்லை. ஆனால் அவனிடம் ஒவ்வொருவரும் தனித்தனியேதான் போய் நிற்க வேண்டும். என் பிள்ளைக்குப் பதிலாக நான் நிற்க முடியாது. அப்படியாயின், இவ்வுலகில் அந்த அமானிதத்தை நான் ஒப்படைக்க வேண்டிய கை, வளர்ந்து நிற்கும் அந்தப் பிள்ளையின் கைதான்.

இது மேற்கிலிருந்து கடன் வாங்கிய கருத்தல்ல. ஸூரா லுக்மானில் ஒரு தகப்பன் மகனை அருகில் வைத்துப் பாடம் சொல்கிறார். ஏகத்துவம், தொழுகை, பொறுமை, நடை, குரலைத் தாழ்த்துவது வரை அதில் உண்டு. வீட்டுக்கல்விக்கு அதைவிட அழகான முன்மாதிரி கிடையாது. அந்தப் பாடத்தின் நடுவிலேயே, பெற்றார் இணைவைக்கும்படி வற்புறுத்தினால் அவர்களுக்குக் கீழ்ப்படிய வேண்டாம், ஆயினும் அவர்களோடு நல்ல முறையில் வாழ் என்ற இறைகட்டளை வந்து அமர்கிறது. பெற்றாரின் அதிகாரத்துக்கு உள்ள எல்லை, பெற்றார் சொல்லும் பாடத்தின் நடுவிலேயே கூறப்படுகிறது. நபி இப்ராஹீம் (அலை) அவர்களும், கனவில் தமக்குக் காட்டப்பட்டதை மகனிடம் சொல்லி, உன் கருத்து என்ன என்று கேட்டார்கள். இறைவனின் கட்டளையின் முன்பே மகனின் கருத்துக் கேட்கப்பட்டதென்றால், ஒரு கணித நூலைத் தெரிவுசெய்யும்போது கேட்காமலிருக்க நமக்கு என்ன நியாயம் உண்டு?

கேட்காமல் விட்டால் என்ன நேரும் என்பதற்கு ஜோன் ஸ்டுவர்ட் மில்லின் வாழ்வு சாட்சி. தந்தை ஜேம்ஸ் மில் அவரைப் பாடசாலைக்கே அனுப்பாமல் மூன்று வயதில் கிரேக்கமும் எட்டு வயதில் லத்தீனும் தொடக்கினார். மற்றச் சிறுவர்களோடு பழக விடவில்லை. அறிவின் அளவில் அந்தக் கல்வி அபார வெற்றி. ஆனால் 1826இல், இருபது வயதில், அந்த இளைஞன் உள்ளம் வறண்டு, எதிலும் பற்றில்லாமல் ஒடிந்துபோனார். அவர் இறந்த 1873ஆம் ஆண்டில் வெளிவந்த சுயசரிதையில் தந்தையைத் தூற்றவில்லை. பெற்ற நன்மைகளையும் எண்ணிப் பார்க்கிறார். அந்தப் பாடத்திட்டம் தகப்பனுக்கு அச்சொட்டாகப் பொருந்தியது. மகன் தனக்கு வேண்டிய மீதியைக் கவிதையில் தானே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது.

அமெரிக்க உச்ச நீதிமன்றமும் இக்கேள்வியை 1972இல் எதிர்கொண்டது. விஸ்கொன்சின் மாநிலத்து ஆமிஷ் கிறிஸ்தவர்கள் எட்டாம் வகுப்புக்கு மேல் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்ப மறுத்தார்கள். நீதிமன்றம் பெற்றாரின் மதச் சுதந்திரத்தின் பக்கம் நின்றது. நீதியரசர் டக்ளஸ் மட்டும், பெற்றார் பேசினார்கள், அரசு பேசியது, பிள்ளைகளின் விருப்பத்தையும் கேட்க வேண்டாமா என்று பகுதியளவில் மாறுபட்டார். சிறுபான்மையாகிய நாம் அந்தத் தீர்ப்பைக் கண்டு மகிழலாம். டக்ளஸின் கேள்விக்கும் நாம் பதில் வைத்திருக்க வேண்டும்.

பாடசாலை மட்டும் பிள்ளையைக் கேட்கிறதா என்று வாசகர் திருப்பிக் கேட்பார். கேட்பதில்லைதான். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒரு பிள்ளையின் இயல்பைப் பார்க்க ஆசிரியனுக்கு நேரமில்லை. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை பத்து வயதுப் பிள்ளையைப் பிழிகிறது. சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் பெரும்பாலும் வெவ்வேறு வாசல்களால் நுழைவதால், சமூகங்களோடு பழகும் வாய்ப்பைப் பாடசாலை தருகிறதென்று நாம் பெரிதாகப் பெருமைப்படவும் முடியாது. 1997ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் 5 முதல் 14 வயது வரை கல்வியைக் கட்டாயமாக்கின; 2016இல் அந்த வயதெல்லை 16ஆக உயர்த்தப்பட்டது. கட்டாயம் வயதைக் கூட்டியது. வகுப்பறையின் குணத்தை அது மாற்றிவிடவில்லை.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. பாடசாலையில் பிள்ளை துன்பப்பட்டால் வீட்டுக்கு வந்து சொல்லலாம். வீடே பாடசாலையானால், வீட்டைப் பற்றி யாரிடம் போய்ச் சொல்வது? வீட்டுக்கல்வியின் மெய்யான ஆபத்து அறிவுக் குறைவு அல்ல. இந்த இரண்டாவது கதவு இல்லாமற் போவதுதான்.

ஆகவே என்னிடம் கேட்போருக்கு நான் நூற்பெயர் எதையும் சொல்வதில்லை. மூன்று கேள்விகளைத்தான் கொடுக்கிறேன். இந்தப் பாடத்தை வருடக்கணக்காக, கோபமில்லாமல், உங்களால் சொல்லிக்கொடுக்க முடியுமா? முடியாவிட்டால் எவ்வளவு சிறந்த நூலும் உங்களுக்குப் பொருந்தாது. எளிய நூலோ பாடசாலையோ மேல். "எனக்கு இது பிடிக்கவில்லை" என்று பிள்ளை சொல்லக்கூடிய, உங்களுக்கும் உண்மையைச் சொல்லக்கூடிய ஒரு மூன்றாம் ஆள், ஒரு மாமியோ மௌலவியோ அயல் ஆசிரியரோ, கிழமைக்கு ஒருமுறையாவது அந்த மேசைக்கு வருகிறாரா? பதினாறு வயதில் பிள்ளை வேறு வழியில் போக விரும்பினால், அதற்கு வேண்டிய மொழியும் கணிதமும் ஒரு பரீட்சைச் சான்றிதழும் அதன் கையில் இருக்குமா? ஹாபிழாகும் பிள்ளைக்கும் இது பொருந்தும், எஞ்சினியராகும் பிள்ளைக்கும் இது பொருந்தும்.

இம்மூன்றுக்கும் ஆமென்று சொல்ல முடிந்தால் பிள்ளையை வீட்டில் வைத்துப் படிப்பியுங்கள். அது லுக்மான் காட்டிய வழி. ஒன்றுக்கேனும் இல்லையென்றால், அப்பாடத்திட்டம் உங்களுக்கு மட்டுமே பொருந்துகிறது என்பதை ஒப்புக்கொள்ளுங்கள். பெற்றாருக்கும் பிள்ளைக்கும் பொருந்துவது என்பது இரு விருப்பங்களுக்கு இடையில் ஒரு நடுப்புள்ளியைத் தேடுவதல்ல. ஒருவர் இன்னொருவருக்காகக் காத்து வைத்திருக்கிறார் என்பதை இருவரும் அறிந்திருப்பதே அது. அமானிதம் வைத்திருப்பவரின் கடமை, உரியவர் வந்து கேட்கும் நாளில் அது முழுதாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதே.