வலிக்கு யார் சாட்சி?

கோச்செங்கட் சோழரின் பிறப்பைப் பெரியபுராணம் சொல்லும் இடத்தில் ஒரு பிரசவ அறை இருக்கிறது. அரசி கமலவதிக்கு வலி கண்டுவிட்டது. பிள்ளை இன்னும் ஒரு நாழிகை கழித்துப் பிறந்தால் மூவுலகும் ஆளும் என்கிறார்கள் சோதிடர்கள். ஒரு நாழிகை என்றால் 24 நிமிடம். தன் கால்களைக் கட்டித் தலைகீழாகத் தூக்கச் சொல்கிறாள் அரசி. குறித்த நேரத்தில், கண்கள் சிவந்து பிறக்கிறது பிள்ளை. அதன் முகத்தை ஒருமுறை பார்த்துப் பெயர் சொல்லி அழைத்துவிட்டு உயிர் விடுகிறாள்.

அந்தப் பிள்ளை பின்னாளில் 63 நாயன்மார்களில் ஒருவராகப் போற்றப்பட்டது. ஆனால் அந்த 24 நிமிடம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி இன்னும் தீரவில்லை. நல்ல நேரம் பார்த்து அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிக்கும் குடும்பங்களில் அது இருக்கிறது. இப்போது கர்ப்பிணியின் கைபேசிக்குள்ளும் வந்து உட்கார்ந்திருக்கிறது.

இடுப்பு வலியைக் கணக்கிடும் செயலி மிக எளிமையானது. வலி பிடிக்கும்போது திரையில் ஒரு தட்டு, விடும்போது இன்னொரு தட்டு. ஒரு வலியின் தொடக்கத்திலிருந்து அடுத்த வலியின் தொடக்கம் வரை இடைவெளி. 5 நிமிடத்துக்கு ஒரு வலி, ஒவ்வொன்றும் 1 நிமிடம், இப்படியே 1 மணி நேரம் நீடித்தால் மருத்துவமனைக்குக் கிளம்பலாம் என்பது தலைச்சன் பிரசவத்துக்குப் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. பொய்வலியைப் பிரித்தறியவும் இது உதவும். அந்தப் பொய்வலியை 1872இல் விவரித்தவர் பிராக்ஸ்டன் ஹிக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர். நம் வீட்டுப் பெரியவர்கள் சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்து, வலி அடங்குகிறதா, வலுக்கிறதா என்று பார்த்தார்கள். நோக்கம் ஒன்றுதான்.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இந்தச் செயலிக்கு வயிற்றைப் பற்றி எதுவும் தெரியாது. வலி எப்போது தொடங்கியது என்று முடிவு செய்வது கர்ப்பிணியின் மனம். அதை நிமிடமாக எழுதி வைப்பது மட்டுமே செயலியின் வேலை. கிட்டத்தட்ட 1,600 ஆண்டுகளுக்கு முன் புனித அகஸ்தீன் தம் ஒப்புதல் நூலின் பதினோராம் பகுதியில் இதையே குடைந்தார். கடந்தது இல்லாமல் போயிற்று, வருவது இன்னும் வரவில்லை, நிகழ்காலத்துக்கு நீளமே கிடையாது. அப்படியானால் நாம் எதைத்தான் அளக்கிறோம்? மனத்துக்குள்தான் காலத்தை அளக்கிறோம் என்ற முடிவுக்கு வந்தார் அவர். வலியில் கிடப்பவளுக்கு இந்தத் தத்துவத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்று அவளுக்குத் தெரியும்.

எழுதப்பட்ட எண்ணுக்கு, சொன்னவளின் வாயைவிட மதிப்பு கூடிவிடும்போதுதான் சிக்கல். “என்னால முடியல” என்று அவள் சொல்வது காதில் விழாது. “எட்டு நிமிஷத்துக்கு ஒண்ணுதானே” என்பது விழும். மருத்துவமே இந்த வழியில் போய்த் திரும்பியிருக்கிறது. 1955இல் அமெரிக்க மருத்துவர் இமானுவேல் ஃப்ரீட்மன், முதல் பிரசவம் கண்ட 500 பெண்களின் பிரசவ வேகத்தை வரைபடமாக்கினார். அது பலரிடம் கண்டதன் தொகுப்பு. ஆனால் அதையொட்டி, கருப்பை வாய் மணிக்கு 1 சென்டிமீட்டர் திறக்க வேண்டும் என்ற கணக்கு பிரசவ அறைகளில் சட்டம்போல ஆனது. அந்த வேகத்தில் திறக்கவில்லை என்பதை மட்டும் வைத்துத் தலையிடக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல்தான் தெளிவாகச் சொன்னது. அதற்குள் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன.

அந்த நேரம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்குத் திருச்சி மலைக்கோட்டையில் வேறொரு விடை இருக்கிறது. காவிரி வெள்ளத்தில் தாய் அக்கரையில் மாட்டிக்கொள்ள, இங்கே ரத்னாவதி என்ற கர்ப்பிணிக்கு வலி எடுத்துவிட்டது. சிவன் அவளுடைய தாயின் உருவில் வந்து பிரசவம் பார்த்தார் என்கிறது தலபுராணம், அதனால்தான் அங்கே அவர் பெயர் தாயுமானவர். நேரம் குறிக்கக் கடவுள் வரவில்லை. கூட இருக்க வந்தார். இதை நம்பிக்கை என்று ஒதுக்கவும் முடியாது. 2017இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, 26 ஆய்வுகளில் 15,000க்கும் மேற்பட்ட பெண்களைப் பார்த்தது. பிரசவம் முழுக்க ஒருவர் கூடவே இருந்தால் இயல்பான பிரசவம் கூடுகிறது, அறுவைச் சிகிச்சை குறைகிறது, வலி நேரமும் சற்றுச் சுருங்குகிறது என்றது.

ஆகவே செயலியை வைத்துக்கொள்ளுங்கள், அதில் தவறில்லை. ஆனால் கைபேசி கணவரிடமோ அம்மாவிடமோ இருக்கட்டும். அவள் “வலிக்குது” என்றதும் அவர்கள் தட்டட்டும், இன்னொரு கை அவள் முதுகில் இருக்கட்டும். பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, பிள்ளையின் அசைவு குறைந்தாலோ திரையைப் பார்க்காமல் உடனே கிளம்புங்கள். அவள் “போகலாம்” என்று சொன்னாலும் அப்படியே.