வண்டுக்கு யார் நன்றி சொல்வது?

இளையோர் முகாம் எதுவானாலும் சரி, இரண்டாம் நாள் காலை பசியாறிவிட்டு உட்கார்ந்ததும் யாராவது ஒரு பேச்சாளர் எறும்பைக் கொண்டுவந்துவிடுவார். "எறும்பைப் பாருங்க தம்பி, எவ்வளவு ஒற்றுமை! தேனீயைப் பாருங்க, என்ன உழைப்பு! நம்ம ஆளுங்க மட்டும்தான் ஒண்ணு சேர மாட்டேங்கிறோம்." நாமும் தலையாட்டுவோம். பத்து மணிக்குத் தேநீர் வந்ததும் எறும்பு மறந்துபோகும்.

சொல்பவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனாலும் அந்தப் பேச்சைக் கொஞ்சம் பிடித்து இழுத்துப் பார்க்கலாமே என்று எனக்குத் தோன்றுவதுண்டு. எறும்பும் தேனீயும் செய்வதை அறம் என்று சொல்ல முடியுமா? தெரியாமல் செய்த உதவி உதவியா? அப்படி உதவி பெற்றவர் கடன்பட்டவரா? இதற்குப் பெரிய தத்துவ நூல்களைப் புரட்டவேண்டாம். நம் தாத்தா பாட்டிகள் வேலை செய்த தோட்டத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது.

செம்பனை இந்த மண்ணின் மரம் அல்ல, மேற்கு ஆப்பிரிக்காவின் மரம். இங்கே வியாபாரத்துக்காக முதன்முதலில் நட்டது 1917இல், சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில். மரம் கப்பலேறி வந்தது. சொந்த ஊரில் அதனோடு வாழ்ந்த பூச்சி வரவில்லை. செம்பனையில் ஆண் பூங்கொத்தும் பெண் பூங்கொத்தும் ஒரே மரத்தில்தான் வரும், ஆனால் வெவ்வேறு சமயத்தில் வரும். அதனால் ஒரு மரத்து மகரந்தம் இன்னொரு மரத்துக்குப் போய்ச் சேரவேண்டும். காற்றுதான் இதைச் செய்கிறது என்று நெடுங்காலம் நம்பினார்கள். காற்று அவ்வளவு சரியாகச் செய்யவில்லை. பல தோட்டங்களில், முக்கியமாக சபாவில், குலை தள்ளினாலும் காய் சரியாகப் பிடிக்கவில்லை.

அப்போது அந்த வேலையை யார் செய்தார்கள்? மனிதர்கள். மகரந்தப் பொடியை டால்கம் பவுடரோடு கலந்து, ஒரு பீச்சுக் குழாயில் அடைத்துக்கொண்டு, வரிசை வரிசையாக மரம் மரமாகப் போய், மட்டை முள்ளுக்கு நடுவில் கையைவிட்டு, மலர்ந்திருக்கும் பெண் பூங்கொத்தைத் தேடி ஊதினார்கள். பெண் பூ மகரந்தத்தை ஏற்கும் நிலையில் இருப்பது இரண்டு மூன்று நாள்தான். அதனால் ஒரு சுற்று முடிந்தால் மறுபடி முதல் மரத்துக்கு வரவேண்டும். நம் வீட்டுப் பெரியவர்களில் தோட்டத்தில் இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். 'பூவுக்குப் பவுடர் அடிச்சோம்' என்று யாராவது சொல்லக்கூடும்.

கேமரூனில் யாரும் பவுடர் அடிக்கவில்லை, அங்கே காய் நன்றாகவே பிடித்தது. இதை யூனிலீவர் தோட்டங்களில் பொறுப்பில் இருந்த லெஸ்லி டேவிட்சன் கவனித்தார். பூச்சி ஏதோ இருக்கிறது என்று அவருக்குச் சந்தேகம். ஆர்.ஏ. சையத் என்ற பூச்சியியல் அறிஞர் அங்கே போய் ஆராய்ந்து, ஒரு கூன்வண்டுதான் அந்த வேலையைச் செய்கிறது என்று காட்டினார். அரிசி மணியில் பாதி நீளம்கூட வராது அந்த வண்டு. வேறு பயிரைத் தின்னாது என்று சோதித்துப் பார்த்த பிறகு, 1981இல் ஜொகூர், குளுவாங் பக்கத்துத் தோட்டங்களில் அதை விட்டார்கள். சீக்கிரமே தீபகற்பம் முழுவதும் பரவிவிட்டது. காய் பிடிப்பு கூடியது. பவுடர் அடிக்கும் வேலை இல்லாமல் போனது. வண்டுக்குக் கூலி கொடுக்கவேண்டியதில்லையே!

இன்று மலேசியாவின் செம்பனை எண்ணெயில் பொரித்த எதைச் சாப்பிட்டாலும் அந்த வண்டின் உழைப்பும் அதில் இருக்கிறது. உழைப்பு என்று நாம்தான் சொல்கிறோம். வண்டின் பக்கமிருந்து பார்த்தால் கதையே வேறு. ஆண் பூ சோம்பு வாசனை அடிக்கும். வண்டு அங்கே தின்கிறது, முட்டை இடுகிறது, குஞ்சு பொரிக்கிறது. பெண் பூ அவ்வப்போது அதே வாசனையை வெளிவிடும். வண்டு நம்பிப் போகும். அங்கே அதற்குத் தின்ன எதுவும் இல்லை. உடம்பில் ஒட்டியிருந்த மகரந்தம் உதிர்ந்ததுதான் மிச்சம், வெறுங்கையோடு திரும்பிவிடும். சுருக்கமாகச் சொன்னால், வண்டு ஏமாறுகிறது. அது ஏமாறுவதால்தான் ஒரு நாட்டுக்குப் பிழைப்பு நடக்கிறது.

'விவசாயியின் நண்பன்' என்று நாம் பட்டம் கொடுக்கும் பூச்சிகள் எல்லாமே ஏறக்குறைய இப்படித்தான். செம்பனை இலையைத் தின்னும் உறைப்புழுவுக்குள் ஒரு சிறு குளவி முட்டை இடும். குஞ்சு அந்தப் புழுவை உள்ளிருந்தே தின்று வளரும். இப்படிப்பட்ட குளவியை அன்பே உருவான கடவுள் வேண்டுமென்றே படைத்திருப்பார் என்று தன்னால் நம்ப முடியவில்லை என்று டார்வின் 1860இல் ஒரு கடிதத்தில் எழுதினார். தோட்டக்காரருக்கோ அந்தக் குளவி தெய்வம் மாதிரி. முன்பு நம் நாட்டில் கண்டபடி பூச்சிமருந்து அடித்தபோது குளவிகள்தான் முதலில் செத்தன, உறைப்புழு பெருகியது. மருந்தை நிறுத்தியதும் புழு அடங்கியது. இப்போது பல தோட்டங்களில் பாதையோரமாகப் பூச்செடி வரிசை வைத்திருப்பதைப் பார்க்கலாம். அழகுக்கு வைத்தது என்று நினைத்துவிடாதீர்கள். குளவிக்குத் தேன் கிடைக்கட்டும் என்று வைத்தது.

அது நன்றியா, வெறும் கணக்கா? கணக்குதான் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படி முழுக்கத் தள்ளிவிட மனம் வரவில்லை. வாசலில் அரிசி மாவில் கோலம் போட்ட நம் பாட்டிக்கும் எறும்பு திரும்ப என்ன செய்யும் என்ற எதிர்பார்ப்பு இல்லை. உயிர்களுக்குச் செய்யவேண்டியதைச் செய்வதை ஐந்து வேள்விகளில் ஒன்றாக, பூத யக்ஞம் என்று, நம் மரபு வைத்திருக்கிறது. கொடுத்தவர் தெரிந்து கொடுத்தாரா என்ற கேள்வி அங்கே எழவே இல்லை. வாங்கியவருக்குத் தெரிந்தால் போதும். (அடுக்குமாடி வீட்டு வாசலில் இப்போது ஸ்டிக்கர் கோலம் ஒட்டுகிறோம். எறும்பு வராது என்பதுதான் அதன் விளம்பரமே!)

சரி, முகாம் பேச்சாளரின் ஒற்றுமைக்கு வருவோம்.

மாமரத்தில் இலைகளை இழுத்துச் சேர்த்துக் கூடு கட்டும் செவ்வெறும்பைப் பார்த்திருப்பீர்கள். மலாய்க்காரர்கள் கெரெங்கா என்பார்கள், தமிழ்நாட்டுக் கிராமங்களில் முசுறு. ஒன்றின் இடுப்பை ஒன்று கவ்விச் சங்கிலியாக நின்று இலையை இழுக்கும். வேறு சில எறும்புகள் தங்கள் இளம்புழுக்களை வாயில் பிடித்துக்கொண்டு வரும். அந்தப் புழு விடும் பட்டு நூலால் இலை ஓரங்களை ஒட்டித் தைக்கும். பார்க்கப் பார்க்க அதிசயம்! தென் சீனாவில் ஆரஞ்சுத் தோட்டக்காரர்கள் இந்த எறும்புக் கூடுகளைச் சந்தையில் காசு கொடுத்து வாங்கி மரத்தில் தொங்கவிட்டார்கள் என்று கி.பி. 304ஐச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் ஒரு சீன நூல் சொல்கிறது. பிற்காலத்தில் எறும்பு மரத்துக்கு மரம் போக மூங்கில் பாலமும் கட்டினார்கள்.

அதே எறும்பு பக்கத்து மரத்தில் வேறொரு கூட்டம் வந்துவிட்டால் என்ன செய்யும்? கொன்றுபோடும். ஒரே இனம்தான், ஒரே நிறம்தான், வாசனை மட்டும் கொஞ்சம் மாறியிருக்கும். எல்லையோரக் கூடுகளில் வயதான எறும்புகள் இருக்கும், சண்டைக்கு அவைதான் முதலில் போகும். உள்ளே எவ்வளவு ஒற்றுமையோ, வெளியே அவ்வளவு பகை. அந்த ஒற்றுமையால்தான் சண்டையும் அவ்வளவு திறமையாக நடக்கிறது.

தேனீயும் அப்படியே. குளிர் நாடுகளில் இலையுதிர் காலம் வந்தால் ஆண் தேனீக்களை வேலைக்காரத் தேனீக்கள் இழுத்து வெளியே தள்ளிவிடும். இனி உதவாது, தேன் தண்டம். ஆப்பிரிக்காவில் கறையானை வேட்டையாடும் மாத்தபேலே எறும்புகள் அடிபட்ட தோழர்களைத் தூக்கிக்கொண்டு கூட்டுக்குத் திரும்புகின்றன என்று 2017இல் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. அடுத்த பத்தியையும் படிக்கவேண்டும். ஒன்றிரண்டு கால் போனதைத் தூக்கிவரும், பெரும்பாலான கால்களை இழந்தது வேட்டைக்களத்திலேயே கிடக்கும். மத்திய அமெரிக்காவில் இரத்தம் குடிக்கும் வௌவால் ஒன்று இரண்டு மூன்று இரவு பட்டினி கிடந்தால் செத்துவிடும். பக்கத்தில் தொங்கும் வௌவால் தான் குடித்ததைக் கக்கிக் கொடுத்துக் காப்பாற்றுகிறது என்று ஜெரால்டு வில்கின்சன் 1984இல் எழுதினார். யாருக்குக் கொடுக்கிறது? சொந்தத்துக்கும் பழகியதற்கும். புதிதாக வந்து ஒட்டிக்கொண்டதற்கு அல்ல.

இதை வைத்து இரண்டு பெரியவர்கள் எதிரெதிர் முடிவுக்கு வந்தார்கள். இயற்கை ஒரு மல்யுத்தக் களம், அறம் என்பது அதை எதிர்த்து மனிதன் போடும் எதிர்நீச்சல் என்றார் ஹக்ஸ்லி. இல்லை, உயிர்கள் நிலைப்பதே ஒன்றுக்கொன்று உதவுவதால்தான் என்று சைபீரியப் பனியில் மிருகங்களைக் கவனித்த குரோப்போட்கின் 1902இல் ஒரு புத்தகமே எழுதினார். எனக்குக் குரோப்போட்கின் பக்கம் சாய ஆசை. ஆனால் எறும்பின் எல்லைக்கோடு என்னை ஹக்ஸ்லி பக்கம் இழுக்கிறது. கூட்டத்துக்குள் ஒத்துழைப்பதற்கு இயற்கையே போதும். கோட்டுக்கு வெளியே நிற்பவனுக்கு நாம் எதுவும் கடன்பட்டிருக்கிறோமா என்று எறும்புக்குக் கேட்கத் தெரியாது. நமக்குத் தெரியும்.

இப்போது கொஞ்சம் சங்கடமான இடத்துக்கு வருகிறோம். நம் சமூகக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கும் ஒரு வாக்கியம்: "இந்த நாட்டை நம்ம தாத்தா பாட்டிதான் உழைச்சு உருவாக்கினாங்க. அதுக்கு நன்றி எங்கே?" நியாயமான கேள்வி. நானும் கேட்பேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். நம் தாத்தா பாட்டி நாட்டை உருவாக்கவேண்டும் என்று திட்டம் போட்டுக் கப்பல் ஏறவில்லை. வயிற்றுப்பாட்டுக்கு வந்தார்கள். ஆசை வார்த்தை பேசி அழைத்துவந்தவர்களை நம்பி ஏமாந்தவர்களும் உண்டு. அவர்களை வண்டோடு ஒப்பிடுகிறேன் என்று யாரும் கோபிக்கவேண்டாம். நன்றியின் கணக்கைத்தான் பார்க்கிறேன். அவர்கள் எதற்காக வந்தார்கள் என்பதை வைத்து அவர்களுக்குரிய நன்றி குறைந்துவிடாது என்றுதானே நாம் வாதாடுகிறோம்? பலன் பெற்றவர் அதை உணரவேண்டும் என்றுதானே கேட்கிறோம்?

அப்படியானால் இன்று அதே செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுவது யார்? பெரும்பாலும் இந்தோனேசியர், பங்களாதேஷிகள். அவர்களும் வயிற்றுப்பாட்டுக்குத்தான் வந்தார்கள். ஏஜெண்டை நம்பிக் கடன் வாங்கி வந்து ஏமாந்தவர்கள் அவர்களிலும் உண்டு. வாசனை ஒன்று, கிடைத்தது வேறு. அவர்களைப் பற்றி நாம் மாமாக் கடையில் உட்கார்ந்து பேசும் பேச்சை ஒருநாள் கவனித்துக் கேளுங்கள். 'அவனுங்க சம்பளத்துக்குத்தானே வந்தானுங்க' என்று சொன்னால், அதே வாக்கியத்தை நம் பாட்டியின் மேலும் வைக்க வேறொருவருக்கு உரிமை கொடுத்துவிடுகிறோம்.

இதற்கு ஒரு பதில் உண்டு, அதையும் சொல்லியாகவேண்டும். "நம்ம பிள்ளைகளுக்கே வேலை இல்லை, படிப்புக்கு வழியில்லை, முதல்ல நம்ம வீட்டைப் பார்ப்போம்." இதைச் சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. எங்கள் இயக்கத்தில் இரவு வகுப்பு நடத்துபவர்களே அப்படிச் சொல்வார்கள். தன் கூட்டை முதலில் பார்ப்பது இயற்கை, தேவையும்கூட. ஆனால் 'முதலில்' என்ற சொல்லுக்குப் பிறகு 'அடுத்து' என்று ஒன்று வரவேண்டும். எறும்பிடம் அந்த 'அடுத்து' இல்லை.

பட்டணத்துக்குக் குடிபோய்விட்ட நாம் ஆண்டுக்கு ஒருமுறை பழைய தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குக் காரில் போகிறோம். லயத்தில் இப்போது இருப்பவர்கள் வேறு ஆட்கள். கூட்டத்தைப் பார்த்துச் செம்பனை மரத்தடியில் நான்கைந்து பேர் நிற்பார்கள். அன்னதானம் நடக்கும். சில தோட்டங்களில் யாரோ ஒரு அக்கா அவர்களைக் கையைக் காட்டி, "மாரி, மாக்கான்" என்று கூப்பிடுவார், அவர்களும் கூச்சத்தோடு வந்து வரிசையில் நிற்பார்கள். சில தோட்டங்களில், "நம்ம ஆளுங்க எல்லாம் சாப்பிட்டு முடிக்கட்டும், மிஞ்சினா பார்க்கலாம்" என்று ஒரு குரல் வரும். அந்தக் குரல் எந்த முகாமில் எறும்பின் ஒற்றுமையைப் பற்றிப் பேசியதோ!