ஆமையின் அமைதி

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டைக்கு அணித்தாகிய தென்னூரில், அன்பர் ஒருவர் இல்லத்துக் கண்ணாடித் தொட்டியில் சிறு ஆமையொன்று வளர்கின்றது. கண்ணின் பின்புறத்தே செங்கோடுடைய அயல்நாட்டு நீராமை அது. தொட்டியிற் சிறிது நீரும் வண்ணக் கற்களுமன்றி வேறொன்றும் இல்லை. அசையாது கிடந்த அதனைக் காட்டி, "எத்துணை அமைதி! யோகியரைப் போல் இருக்கின்றது, பாருங்கள்" என்று அவர் மகிழ்ந்தார். அஃது அமைதிதானா என்னும் வினா எம் உள்ளத்தை விட்டு அகலாதாயிற்று.

ஐம்புலன் அடக்கத்துக்கு ஆமையை உவமை கூறினர் நம் முன்னோர். திருக்குறளும் திருமந்திரமும் அதற்குச் சான்று. ஆயின் அவ்வுவமையின் உயிர் யாது? நீட்ட வல்லது, வேண்டுங்கால் தானே ஒடுக்கிக்கொள்ளுதல் என்க. நீட்டுதற்கு இடமின்றி ஒடுங்கிக் கிடத்தல் அடக்கமன்று, சிறை. சிறைப்பட்டோன் மௌனத்தைத் தவம் என்பார் யார்?

"ஆமைக்கு மனமேது? உண்டு உறங்கினால் போதாதோ?" என்பாருமுளர். அவர்க்கு விடை கூறுதும். வாஷிங்டன் நகர்த் தேசிய விலங்குக்காட்சிச் சாலையில் நைல் ஆற்றினத்து மென்னோட்டாமை ஒன்று பல்லாண்டு வளர்க்கப்பட்டது. அது தன் முன்கால்களைத் தானே கடித்தும் கழுத்தைப் பிறாண்டியும் புண்படுத்திக்கொள்வதாயிற்று. பந்து, வளையம் முதலியவற்றை நீரில் இட்டபின் அவற்றை முட்டியும் தள்ளியும் விளையாடிற்று. தன்னைப் புண்படுத்தலும் குறைந்தது. இதனை ஆராய்ச்சியாளர் 1996-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 2025-இல் இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தார் செங்கால் ஆமைகளை ஆராய்ந்தனர். ஓரிடத்துக் கலத்தில் எப்போதும் உணவு. மற்றோரிடத்துக் கலத்தில் ஒருபோதும் இல்லை. இரண்டற்கும் நடுவே கலத்தை வைத்தபோது, உணவிருக்கும் என்னும் நம்பிக்கையோடு அணுகிய ஆமைகள், புதிய சூழலிலும் அச்சங்குறைந்து நடந்தன. ஆகவே ஆமைக்கும் உளநிலை உண்டென்பது பெறப்படும்.

நம் சித்தாந்தம் கூறுவது யாது? ஆணவ இருளிற் கிடக்கும் உயிர் அறிவு விளங்கும்பொருட்டு, இறைவன் தநு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கினை அளிக்கின்றான். உடம்பும், மனம் முதலிய கருவிகளும், உலகும், நுகர்வும் அவை. இவை மக்களுக்கே உரியன அல்ல. எழுவகைப் பிறப்பினும் உள்ள எல்லா உயிர்க்கும் உரியன. இந்த நீராமைக்குப் புவனமாவது நீரும் சேறும் கரையும் வெயிலும். போகமாவது நீந்தலும் தேடி உண்டலும் வெயில் காய்தலும். வெறுந்தொட்டியில் இட்டபோது, உடம்பையும் கருவியையும் விட்டுவைத்து, புவனத்தையும் போகத்தையும் நாம் பறித்தோம். நான்கில் இரண்டினைக் கவர்ந்துகொண்டு, வேளைக்கு இரையிட்டோம் என்று நிறைவெய்துதல் தகுமோ?

"அஃது அவ்வுயிரின் வினைப்பயன்" எனின், அற்றன்று. அதன் பிராரத்தம் அதனதாகுக. அதனை அடைத்து வைத்த செயல் நமது ஆகாமியம் அன்றோ?

ஆதலின் செய்யத்தக்கன சில கூறுவாம். நீந்துதற்கு ஆழமான நீரும், ஏறியிருத்தற்கு உலர்ந்த கல்லும், நாடோறும் இளவெயிலும், ஒளிந்துகொள்ள நிழலும் வேண்டும். இரையை ஓரிடத்தே கொட்டாது, தேடி உண்ணும்படி இடுக. கற்களையும் செடிகளையும் இடையிடையே மாற்றி வைக்க. இவ்வாமைகள் ஆயிரக்கணக்கில் கடத்திக் கொணரப்பட்டுத் திருச்சிராப்பள்ளி விமான நிலையத்திற் பிடிபட்டதுண்டு. ஆகவே விலைக்கு வாங்காமையே தலையாய அறம். நம் நாட்டு நட்சத்திர ஆமையோ 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தாற் காக்கப்படுவது. அதனை இல்லத்தில் வைத்தல் குற்றம். சலிப்புற்று அயல்நாட்டு ஆமையைக் காவிரியிலோ உய்யக்கொண்டான் வாய்க்காலிலோ விடுதலும் தகாது. அது பெருகின், நம் ஆமைகளின் உணவையும் இடத்தையும் கவரும். 30 ஆண்டளவும் வாழவல்ல உயிரை ஏற்றவர், அக்கடனையும் ஏற்றவரே.

அன்பர் இப்போது தொட்டியை மாற்றியுள்ளார். ஆமை கல்மேல் ஏறி, கழுத்தும் கால்களும் நீட்டி வெயில் காய்கின்றது. அப்போதும் அது அசைவதில்லை. ஆயினும் இவ்வசையாமை வேறு.

காவிரிப் பெருக்கால் தாய் வரவியலாது தவித்த இரத்தினாவதிக்குத் தானே தாயாகி வந்தருளினான் மலைக்கோட்டைப் பெருமான் என்பது தலபுராணம். தாய், மகவின் அழுகையை மட்டுமன்றி அதன் மௌனத்தையும் அறிவாள். தாயுமானவன் திருவடி நிழலில் வாழ்வோர், வாய்பேசா உயிரின் மௌனத்தையும் அறிய முயல்வாராக.